எதிர்ப்பக்கமாக வந்த லோரி

ஸ்டேரிங் வைத்த இரண்டு நாற்காலிகளில் யாராவது விளையாடாமல் சும்மா உட்கார்ந்திருந்தால், அவரை உடனே எழுப்பிவிடாதீர்கள். இந்தக் கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். காரணம் இருக்கிறது. சொல்கிறேன். ஆனால் எதையும் நேராகச் சொல்லி முடிப்பது எனக்குப் பழக்கமில்லை. மைலோ கலக்கிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நான் பேசுகிறேன், நம் முதலாளி ஸ்டெல்லா எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது.

"பாட்டி, நீங்க பேசுறபடியே எழுதினா பாதி மலாய், பாதி தோட்டத்துப் பேச்சா இருக்கும். நான் புத்தகத் தமிழ்ல போடறேன்" என்றாள்.

"போடுலா. ஆனா ஆளுங்க பேசினத மட்டும் மாத்தாத" என்று சொல்லியிருக்கிறேன். ஆகையால் நடுநடுவே நான் ரொம்பப் படித்தவள் போலத் தெரிந்தால் அது ஸ்டெல்லாவின் கைவண்ணம்.

ஸ்டெல்லாவின் அம்மாவும் நானும் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். எனக்கு முட்டி தேய்ந்து தோட்டத்து வேலை முடிந்தபோது, ஸ்டெல்லா கேமரன் மலை தானா ராத்தாவில் இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையைத் திறந்திருந்தாள். கூட்டிப் பெருக்க, தேநீர் கலக்க ஆள் வேண்டும் என்றாள். வந்தேன். பிறகு கவுண்டரையும் பார்க்கச் சொன்னாள். கவுண்டர் ஸ்க்ரீனில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு கட்டம் இருக்கும். பச்சை என்றால் நேரம் இருக்கிறது, சிவப்பு என்றால் முடிந்தது. இதற்கு எழுத்து எதற்கு? சாலையில் விளக்கைப் பார்த்து நிற்பதில்லையா?

கடையில் கூட்டமில்லாத ஒரு காலையில் துடைத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் எலியின் மீது என் கை பட்டு, ஒரு விளையாட்டு தானாகத் திறந்துகொண்டது. அன்றைக்கு ஆரம்பித்தது என் சந்தோஷம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கவுண்டர் வேலையை விட்டுவிட்டேன். ஸ்க்ரீனைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னார், குறைத்திருக்கிறேன். விடவில்லை. இப்போது நானும் உங்கள் கஸ்டமர்தான்.

கஸ்டமர் வந்து, "எது நல்லா இருக்கும்?" என்று கேட்பார்கள். "எல்லாமே நல்லா இருக்கும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்கிற சாப்பாட்டுக் கடையில் நான் சாப்பிட மாட்டேன். நீங்களே விளையாடிப் பார்த்து ஒரு அபிப்பிராயம் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதைச் சொல்கிறேன்.

மேலேயிருந்து கட்டை விழுகிற விளையாட்டு எனக்குப் பிடிக்கும். இடுக்கு பார்த்து அடுக்க வேண்டும். தோட்டத்து லைன் வீட்டில் ஒரே அலமாரியில் ஆறு பேர் துணியை அடுக்கியவளுக்கு அது கஷ்டமே இல்லை. ஆனால் வரிசை நிறைந்ததும் மறைந்துவிடுகிறது. பட்ட பாட்டுக்கு அடையாளமே இல்லை. சமையல் வேலை போலத்தான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

காய்கறித் தோட்டம் போடுகிற விளையாட்டு சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. விதை போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் கேரட் வந்துவிடும். கோலா தெர்லாவில் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் யாருக்கும் அதைக் காட்டிவிடாதீர்கள். மழையால் அழுகாத, பூச்சி விழாத கேரட்டைப் பார்த்தால் அவர்கள் மனசு என்ன ஆகும்?

சுடுகிற விளையாட்டில் நான் அடிக்கடி செத்துப்போவேன். நான் சண்டைக்குப் போவதில்லை. அங்கே நிறைய வீடுகள் இருக்கின்றன, உள்ளே போய்ப் பார்ப்பேன். என்ன அழகான சமையலறைகள்! ஜன்னலுக்குத் திரை, சுவரில் தொங்கும் சட்டிகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாராவது பின்னால் வந்து சுட்டுவிடுவான். என் அபிப்பிராயம்: வீடு கட்டியவன் நல்ல ரசனைக்காரன், குடி வைத்த ஆட்கள்தான் சரியில்லை.

செத்தவர்கள் எழுந்து வருகிற விளையாட்டு வேண்டாம். எனக்குப் பயமில்லை. பசியோடு வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

இனி கார் பந்தயம். இங்கேதான் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வருகிறார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் பிள்ளைகள் உங்களோடு படித்திருக்கலாம். கோலா தெர்லாவில் ஒரு சீன முதலாளியிடம் காய்கறி லோரி ஓட்டியவர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அம்மா என்பார். மத்தியானங்களில் பஸ் ஏறி வந்து, ஜன்னல் ஓர ஸ்டேரிங் நாற்காலியில் உட்காருவார். அதிகம் பேச மாட்டார். ஒருநாள் நான் பக்கத்து நாற்காலியைத் துடைக்கும்போது, "உக்காருங்கம்மா, தொடச்சுக்கிட்டே இருந்தா எப்ப ஓட்டுறது?" என்றார்.

எந்தக் காலுக்கு பிரேக், எந்தக் காலுக்கு வேகம் கூட்டுகிற எண்ணெய் மிதி, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைப்பது, வளைவுக்குள் போனபிறகு குறைக்கக் கூடாது, எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். என் வயதைப் பார்த்து அவர் ஒருமுறைகூடப் பெருமூச்சு விடவில்லை. அதற்கே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஒருநாள் பந்தயத்தில் மற்ற வண்டிகளை எல்லாம் முந்திவிட்டேன். முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது பின்னால் பார்க்கிற கண்ணாடியில், ஒரு மஞ்சள் கார் சுவரில் முட்டி நிற்பது தெரிந்தது. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு அதனிடம் போனேன். ஸ்க்ரீன் முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. எல்லா வண்டியும் எதிரே வந்து என் மேல் மோதியது.

"ம்மா! ம்மா! எங்க போறீங்க? இது ஒன் வே-லா!"

"அந்த மஞ்சக் காடி நிக்குது தம்பி."

"நிக்கட்டுமேம்மா! அது கம்ப்யூட்டரு ஓட்டுற காடி, அதுல ஆளே இல்ல!"

"ஆளில்லாம எப்படி இவ்வளவு தூரம் வந்துச்சு?"

அவர் ஸ்டேரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் ஏன் திரும்பினேன் என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை. கை வேகமானவள் முதலில் முடித்துவிடுவாள். முடித்ததும் உட்கார மாட்டாள். பின்தங்கி நிற்பவளின் நிரைக்குப் போய், எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டே வருவாள். நடுவில் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் சந்திப்பார்கள். அதற்கு நாங்கள் கை கொடுப்பது என்று பெயர். நான் பிள்ளை பெற்று மறுபடி வேலைக்குப் போன நாட்களில், நிரையின் பாதியில் மூச்சு வாங்கும். நிமிர்ந்து பார்த்தால் ஸ்டெல்லாவின் அம்மா எதிரே வந்துகொண்டிருப்பாள். இப்போது கொழுந்து எடுக்க மெஷின் வந்துவிட்டது. ஆனால் என் கைக்கும் காலுக்கும் அது தெரியவில்லை.

அவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு, "மலை ரோட்டுலயும் அப்படி ஒன்னு இருக்கும்மா" என்றார். "குறுகலான வளைவுல மேல நிக்கிறவனுக்குக் கீழ என்ன வருதுன்னு தெரியாது. கீழ நிக்கிறவன் ஓரமா நிறுத்திட்டு ரெண்டு தடவ லைட்டு போடுவான். ரோடு காலியா இருக்கு, நீ வான்னு அர்த்தம்."

அதற்குப் பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாக, அவருக்கு நடந்ததைச் சொன்னார். மழையில், மூடுபனியில், ரிங்லெட்டுக்குக் கீழே தாப்பா போகிற சாலையில் ஒரு வளைவு. லோரி வழுக்கிக்கொண்டு போய்ப் பாறைச் சுவரில் உரசி நின்றது. முட்டைக்கோஸ் எல்லாம் சாலையில் உருண்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒரு மோட்டார் சைக்கிளில் புருஷன், பெண்டாட்டி, நடுவில் குழந்தை என்று ஒரு குடும்பம் அவரைத் தாண்டிப் போயிருக்கிறது.

"யாருக்கும் ஒன்னும் ஆகலம்மா. அதான் பிரச்சினையே. ஆகியிருந்தா, ஆகியிருந்தான்னு அதுவே மண்டையில ஓடுது. வண்டியில ஏறினா சாவியத் திருப்ப முடியல."

லோரி முதலாளி நல்ல மனுஷன். ஓய்வு எடு என்று சொல்லியிருந்தார். ஆனால் சீனப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கேமரன் மலைக் காய்கறி எல்லாம் கோலாலம்பூருக்கு இறங்குகிற சமயம். அதற்குள் இவர் வண்டி எடுக்காவிட்டால் லோரி வேறு ஆளுக்குப் போய்விடும். இருபது வயதிலிருந்து லோரியைத் தவிர வேறு எதையும் தொடாத மனுஷன். இந்தப் பக்கத்து லோரி வேலையில் எங்கே போனாலும் அந்த வளைவு இருக்கும்.

அவர் விளையாடியது லோரி விளையாட்டு. என் அபிப்பிராயத்தில் இருக்கிற விளையாட்டிலேயே அதுதான் சிறந்தது. யாரும் யாரையும் சுட மாட்டார்கள். பாரம் ஏற்றிக்கொண்டு மழையில் மெதுவாகப் போகலாம். கண்ணாடியைத் துடைக்க ஒரு பட்டன், ஹார்னுக்கு ஒரு பட்டன். அதில் ஒரு மலைச் சாலை உண்டு, இரண்டு நாற்காலிக்காரர்களும் அதே சாலையில் சேர்ந்து ஓட்டலாம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அவர் ஒவ்வொரு நாளும் அந்தச் சாலையைத்தான் எடுப்பார். ஒவ்வொரு நாளும் ஒரே வளைவுக்கு மேலே நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, அவசர விளக்கைப் போட்டுவிட்டு, நேரம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். முதலில் ஸ்டெல்லா, மெஷின்தான் அசையாமல் மாட்டிக்கொண்டது என்று நினைத்து இரண்டு தடவை அணைத்துப் போட்டாள்.

இனி ஒரு சனிக்கிழமைக்கு வருகிறேன். வெளியே மழை, சுற்றுலாக்காரர்கள் போக இடமில்லாமல் கடை நிறைய நின்றுகொண்டிருந்தார்கள். தம்பி வந்ததும் வராததுமாக என்னிடம் சொன்னார்.

"முதலாளி போன் போட்டாரும்மா. மறுபடி லோரி எடுக்குறேனா இல்லையான்னு திங்கக்கிழம பதில் சொல்லணும். இன்னிக்கு நீங்க முன்னாடி ஓட்டுங்க, நான் பின்னாடியே வந்துர்றேன்."

ஸ்டெல்லா கவுண்டரைப் பார்த்துக்கொண்டாள். நான் முன்னால் ஓட்டினேன். ஓட்டுகிற சந்தோஷத்தில் வளைவு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மலை இறங்கி, மார்க்கெட்டில் பாரத்தை இறக்கினேன். ஸ்க்ரீனில் மத்தாப்பு சிதறியது. திரும்பிப் பார்த்தால் பக்கத்து ஸ்க்ரீனில் அதே வளைவு, அதே அவசர விளக்கு.

பின்னால் ஒரு கோலாலம்பூர்க்காரர் பெண்டாட்டியோடு காத்துக்கொண்டிருந்தார்.

"இவரு விளையாடவே இல்லையே! ஸ்க்ரீன்ல மழதான் பேயுது. மழயப் பாக்க எதுக்குங்க கடைக்குள்ள வரணும்? வெளிய சும்மாவே காட்டுறாங்களே."

பெண்டாட்டி சிரித்தாள். இன்னும் நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்டவர் இல்லை அவர், அலுத்துப்போய்ச் சொன்னது. ஆனால் தம்பியின் கழுத்து சிவந்துவிட்டது. கை ஸ்டேரிங்கை விட்டு இறங்கியது.

"நான் எந்திரிச்சிக்கிறேம்மா. குடுத்துடுங்க சீட்ட."

"பாட்டியும் முடிச்சிட்டாங்க போல. அப்ப ரெண்டு சீட்டும் காலிதானே?" என்றார் அந்த மனுஷர்.

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில் சட்டம் என்ன என்று யோசித்தால் பதில் சுலபம். நான் அப்போது கடை ஆள். கஸ்டமருக்கு நாற்காலியைக் கொடுக்க வேண்டும். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் ஸ்டெல்லாவைப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே இந்த இடத்தில் சிரிக்கிறாள், பாருங்கள். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது: இவர் இப்போது எழுந்தால் திங்கட்கிழமை பதில் என்னவென்று முடிவாகிவிடும்.

"உக்காருங்க தம்பி" என்றேன். அந்த மனுஷரிடம், "ஐயா, இவரு வண்டி நடு மலையில நிக்குது. பாரத்தோட நிக்கிற வண்டிய விட்டுட்டு எறங்க முடியாது. நாங்க வந்து சேர்ந்ததும் ரெண்டு சீட்டும் உங்களுக்குத்தான். அம்மா, பசியாறிட்டீங்களா? ஸ்டெல்லா, இவங்களுக்கு ரெண்டு மைலோ!" என்றேன்.

என் லோரியைத் திருப்பினேன். அவ்வளவு நீள வண்டியைத் திருப்பியது அதுதான் முதல் தடவை. மார்க்கெட் கேட் இடிபட்டுப் போனது, ஒரு விளக்குக் கம்பமும் போனது. சம்பாதித்த மார்க்கெல்லாம் குறைந்துகொண்டே வந்தது.

"தம்பி, நான் வரேன்."

"எங்கம்மா வரீங்க? நீங்கதான் முடிச்சிட்டீங்களே."

"முடிச்சதாலதான் வரேன்."

அவர் என் ஸ்க்ரீனைப் பார்த்தார். மலை ஏறிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், கை நீட்டினால் தொட்டுவிடலாம். ஆனால் அங்கே எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மலை இருந்தது. வளைவுக்குக் கீழே ஓரமாக நிறுத்தினேன்.

"என் லைட்டு தெரியுதா?" விளக்கை இரண்டு தடவை போட்டேன்.

"தெரியுது."

"ரோட்டுல ஒன்னும் இல்ல. மோட்டர் சைக்கிள் இல்ல, காடி இல்ல. நான் மட்டும்தான் நிக்கிறேன்."

"நீங்க நிக்கிறீங்களேம்மா. இடிச்சிட்டா?"

"இடிங்க. வண்டியும் பொய், இன்சூரன்ஸும் பொய்."

மைலோ குடித்துக்கொண்டிருந்த அந்த மனுஷருக்குப் புரை ஏறியது. தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டார்.

கியரைக் குறைத்தார். மெதுவாக, மெதுவாக, லோரியின் மூக்கு பாறைக்குப் பின்னாலிருந்து என் ஸ்க்ரீனில் வந்தது. பக்கக் கண்ணாடி பாறையில் உரசியது. நிற்கப்போகிறார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. என்னைத் தாண்டும்போது ஹார்ன் அடித்தார், நானும் அடித்தேன். கடையே திரும்பிப் பார்த்தது.

"பரவாயில்லையே! அண்ணே, இன்னொரு தடவ போங்க. நாங்க நிக்கிறோம்" என்றார் கோலாலம்பூர்க்காரர். அவரும் பெண்டாட்டியும் பஸ்ஸுக்கு நேரமாகும்வரை நின்று பார்த்தார்கள். எத்தனை தடவை இறங்கினார் என்று யாரும் எண்ணவில்லை. கடைசித் தடவைகளில் நான் கீழே நிற்கவில்லை.

திங்கட்கிழமை சரி என்று சொல்லிவிட்டார். முதலாளி காலி லோரியைக் கொடுத்து, கோலா தெர்லாவுக்கும் தானா ராத்தாவுக்கும் நடுவில் சில நாட்கள் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சாவியைத் திருப்ப நேரம் எடுத்தது, ஆனால் ஓட்டினார். பாரம் ஏற்றுவதற்கு முதல் நாள் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"நாளைக்கு மத்தியானம் எறங்குறேன்மா. இது பொய் வண்டி இல்ல."

"ஆமா. ஆனா வளைவு அதேதானே" என்றேன்.

அவர் போனதும் ஸ்டெல்லாவிடம், "நாளைக்கு என்னய ரிங்லெட்டுக்குக் கீழ கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டேன்.

"கடைய யாரு பாக்குறது பாட்டி?" என்றவள், அடுத்த மூச்சிலேயே, "உங்களுக்குத்தான் அந்த ரோட்டுல வாந்தி வருமே" என்றாள். சம்மதம் என்று அர்த்தம்.

வாயில் அசாம் பொய் என்கிற உப்புப் பழம் ஒன்றை அடக்கிக்கொண்டு போனேன். அந்த உப்புப் புளிப்பு இருந்தால்தான் எனக்கு மலை இறங்க முடியும். வளைவுக்குக் கீழே பெத்தாய்க் காய் விற்கிற கடைக்குப் பக்கத்தில் சாலை கொஞ்சம் அகலமாக இருக்கும். ஸ்டெல்லா காடியை மேல்நோக்கித் திருப்பி, ஓரமாக நிறுத்தினாள். தூறல். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு லோரி வந்தது, அவர் இல்லை. இன்னொன்று, அதுவும் இல்லை.

"மேல எங்கயாச்சும் நிறுத்திட்டாரோ?" என்றாள் ஸ்டெல்லா.

என் வாயில் கொட்டைதான் மிச்சம் இருந்தது. பிறகு மேலேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. கியரைக் குறைத்து இறங்குகிற பார வண்டியின் முனகல். அது வளைவுக்கு மேலே வந்து நின்றது. நின்றே இருந்தது.

"போடு" என்றேன்.

ஸ்டெல்லா விளக்கைப் போட்டாள். அணைத்தாள். மறுபடியும் போட்டாள்.

பாறைக்குப் பின்னாலிருந்து லோரியின் மூக்கு வந்தது. எனக்கு அந்தக் காட்சி நன்றாகத் தெரிந்த காட்சி. தார்ப்பாய் போட்ட பாரம், நனைந்த கண்ணாடி, உள்ளே அவர் முகம். எங்களைப் பார்க்கவில்லை. சாலையைத்தான் பார்த்தார். அப்படித்தான் பார்க்க வேண்டும். எங்களைத் தாண்டி நேரான சாலைக்குப் போனபிறகுதான் ஹார்ன் கேட்டது, நீளமாக. நிறுத்தவில்லை. நிறுத்தாமல் போனாரே, அதற்கு நான் இன்னும் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்டெல்லா அழுதாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதுடி.

அதற்குப் பிறகு அவர் விளையாட வரவில்லை. லோரி ஓட்டுகிறவருக்கு நேரம் எங்கே? நல்ல கஸ்டமர் ஒருவரைக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஸ்டெல்லா என்னைக் கேலி செய்வாள். ஸ்டேரிங் நாற்காலியில் யாராவது அசையாமல் இருந்தால், பச்சைக் கட்டம் இருக்கும்வரை விடுங்கள். கையில் வேலை இல்லாவிட்டால் பக்கத்து நாற்காலியில் போய் உட்காருங்கள். என்ன ஆச்சு என்று கேட்க வேண்டாம். வண்டியை எடுங்கள், போதும்.

இன்னொன்று. சில மத்தியானங்களில் நம் கடைக்கு முன்னால் ஒரு லோரி ஹார்ன் அடித்துக்கொண்டு போகும். இந்த நெரிசலில் அதை நிறுத்த இடமில்லை. கஸ்டமருக்குத் தொந்தரவு என்று யாரும் புகார் சொல்லிவிடாதீர்கள். கடை போர்டு விளக்கின் சுவிட்ச் கவுண்டருக்குக் கீழே, இடது பக்கம் இருக்கிறது. நான் அன்றைக்குக் கடையில் இல்லாவிட்டாலும், யாராவது ஒருவர் அதை இரண்டு தடவை போட்டு அணையுங்கள்.